மிதக்காத மரம்

நான் ஏரியில் பிறந்து மரத்தூளில் வாழ்க்கைப்பட்டவள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் எங்கள் குப்பம். அங்கிருந்து எங்கே போவதென்றாலும் படவில் ஏறித்தான் ஆக வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தது கும்மிடிப்பூண்டியில், ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு மர அறுவை மில்லில் ரம்பம் ஓட்டியவருக்கு. அவரும் எங்களவர்தான், கடல் தொழில் செய்யும் பட்டினவர். அவருடைய அப்பா காலத்திலேயே வலையை விட்டுவிட்டுக் கரையேறிவிட்ட குடும்பம்.

மில்லுக்குப் பின்னாலேயே ஓர் அறையும் ஒரு சமையல் மறைப்பும் கொடுத்திருந்தார்கள். காலையில் கோலம் போட்டால் மத்தியானத்துக்குள் அதன்மேல் மரத்தூள் படிந்துவிடும். சோற்றில் தூள், தலையில் தூள், காயப்போட்ட புடவையில் தூள். தொழிற்பேட்டை வரப்போகிறது என்று சுற்றிலும் பனைகளைச் சாய்த்து மேட்டைச் சமப்படுத்திக்கொண்டிருந்த நேரம் அது. கொட்டகை போடுகிறவர்கள், மிஷின் இறக்குகிறவர்கள் என்று எல்லோருக்கும் மரம் வேண்டியிருந்தது. ரம்பத்துக்கு ஓய்வே இல்லை. முதல் இரண்டு மாதம் நான் பேசியதெல்லாம் கத்திப் பேசியதுதான். அதனால்தான் என் குரல் இப்படி ஆகிவிட்டது என்று அவர் சொல்வார். இல்லை, கல்யாணத்துக்கு முன்பும் இப்படித்தான் இருந்தது.

ரம்பத்தின் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன மரம் போகிறது என்று எனக்குப் பழகிவிட்டது. மாமரம் என்றால் மொறமொறவென்று போகும். தேக்கு சீராகப் போகும், வாசனையும் நன்றாக இருக்கும். இருள் மரம் வந்தால் மட்டும் ரம்பம் அலறும். கேரளத்து மலைகளிலிருந்து வரும் மரம் அது. செம்மண் நிறத்தில் இருக்கும், அங்கங்கே கறுப்பாக ஒரு பிசின் ஓடும். அந்தப் பிசின் ரம்பத்தின் பல்லில் ஒட்டிக்கொண்டு சூடேறி, கொஞ்ச நேரத்தில் பல் மழுங்கிப்போகும். ஒரு கட்டை அறுத்துவிட்டு மிஷினை நிறுத்தி, அரத்தை எடுத்துக்கொண்டு உட்காருவார் என் வீட்டுக்காரர். அன்றைக்கெல்லாம் எரிந்து எரிந்து விழுவார்.

"ரம்பத்தத் துன்ற மரம் இது. ஆணி அடிச்சா ஆணிதான் வளையும். மொதல்ல ஓட்ட போட்டுக்கினு அப்பறம்தான் அடிக்கணும்" என்பார்.

தண்டவாளத்துக்கு அடியில் போடுவது, பாலத்துக்குத் தூண் வைப்பது என்று எதையெல்லாம் மறுபடி பிரித்துப் பார்க்கக் கூடாதோ அதற்கெல்லாம் இந்த மரம்தான். கரையான் பக்கத்தில் வராது. உப்புத் தண்ணீர்ப் புழுவும் தொடாது. ஆனால் அறுத்ததும் வெயிலில் போட்டால் வெடித்துவிடும். அதனால் இரண்டு முனையிலும் சாணி பூசி நிழலில் அடுக்குவார்கள். துண்டுகளை நான் அடுப்புக்கு எடுத்துக்கொள்வேன். லேசில் பற்றாது. பற்றிவிட்டால் இரண்டு வேளைச் சமையலுக்கு நின்று எரியும்.

ஒருநாள் துணி துவைக்கும் தொட்டியில் அப்படி ஒரு துண்டு கைதவறி விழுந்தது. எடுக்கலாம் என்று பார்த்தால் காணோம். தொட்டியின் அடியில் கிடந்தது. நான் நம்பவில்லை. எடுத்து மறுபடி போட்டேன். மறுபடியும் கல்லுப்போல அடிக்குப் போய் உட்கார்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. எங்கள் குப்பத்தில் கட்டுமரம், வலைக்குக் கட்டும் மிதவை, பிள்ளைகள் விளையாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் கட்டை எல்லாமே மிதக்கிற மரம்தான். மரம் என்றாலே மிதக்கும் என்று வளர்ந்தவள் நான். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "பட்டினவரு ஊட்டுப் பொண்ணு, மரம் முழுவுறதப் பாத்துட்டு பயந்துக்கினா" என்று மில் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

மறு வருஷம் புரட்டாசியில் எனக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டு முடித்து, தலைப்பிரசவத்துக்கு என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக என் அப்பாவும் தம்பியும் வந்தார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும், ஏரியைக் கடப்பது பேஜார் என்று அவசரப்பட்டார்.

நைனாவுக்கு அப்போது ஓர் ஆசை இருந்தது. கடலுக்குப் போக புதுப் படவு ஒன்று கட்ட வேண்டும். படவின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் கட்டையை ஏரா என்போம். அதைப் புழு அரித்துவிட்டால் படவே போயிற்று. கடலுக்குப் போன பழைய படவு அப்படித்தான் போயிருந்தது. மாமனாரின் மனக்குறை தெரிந்து, என் வீட்டுக்காரர் முதலாளியிடம் கேட்டு, ஏராவுக்கென்று நல்லதொரு இருள் கட்டை அறுத்து வைத்திருந்தார். என் உயரத்தைப்போல இரண்டு மடங்கு நீளம். நாலு பேர் பிடித்துத்தான் மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். நைனா அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் கரையில், ஏரிக்கு வைத்திருந்த எங்கள் சின்னப் படவு நின்றது. அங்கேதான் கட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்களவர்கள் மரத்தைப் படவுக்குள் ஏற்ற மாட்டார்கள். தண்ணீரில் தள்ளி, கயிற்றில் கட்டி, பின்னால் இழுத்துக்கொண்டு போவதுதான் வழக்கம். நைனாவும் கயிற்றை எடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "இது மெதக்காது மாமா. உள்ள ஏத்திக்குங்க" என்றார்.

நைனா வாய்விட்டுச் சிரித்தார். "மாப்ள, நல்லா தமாஸ் பண்றீங்க நீங்க."

மாமனாரிடம் எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை இவர். சிரித்து மழுப்பினார். "இல்ல மாமா, தண்ணி பட்டா அப்பறம் காயும்போது வெடிச்சிரும்" என்று வேறு ஒரு காரணத்தைச் சொன்னார். மாப்பிள்ளை சொல்லைத் தட்டக் கூடாதே என்று நைனா கட்டையைப் படவுக்குள் ஏற்றச் சொன்னார். அது உருளாமல் இருக்க, அதே மரத்தின் முனையில் அறுத்த இரண்டு ஆப்புகளை ஆளுக்கொரு பக்கம் செருகினார்கள். நான் பலகாரக் கூடையோடு நடுவில் உட்கார்ந்தேன். கட்டை ஏறியதும் படவு நன்றாக அமிழ்ந்தது. இவர் கரையிலேயே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் கண்ணுக்கு மறைகிறவரை நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை, மாமனாரிடம் உள்ளதைச் சொல்லத் துப்பில்லையே என்ற கோபம்.

பாதி ஏரி தாண்டும்வரை நல்ல காற்று. பாய் புடைத்து நின்றது. தம்பி சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கூடையிலிருந்து அதிரசம் கேட்டான். கொடுத்தேன். அவன் அதைக் கடிப்பதற்குள் காற்று நின்றது. நைனா மேற்கே திரும்பிப் பார்த்தார். ஆரம்பாக்கம் பக்கம் வானம் கறுத்து, அதற்கடியில் ஏரித் தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பாயை இறக்கினார். அவர் பேசாமல் வேலை செய்தால் நிலைமை சரியில்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

காற்று வந்து மோதியபோது படவு அப்படியே ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மழை ஊசியாய்க் குத்தியது. எங்கள் ஏரி ஆழமில்லாதது என்பார்கள். முகத்துவாரத்துக்கு நேரே ஓடும் கால்வாய்ப் பள்ளத்தில் மூங்கில் கழி தரை தொடாது, நாங்கள் அப்போது அங்கேதான் இருந்தோம். வெறும் படவாக இருந்திருந்தால் அலைமேல் ஏறி இறங்கியிருக்கும். கட்டையின் கனத்தில் அது எழும்பவே இல்லை. ஒவ்வோர் அலையும் விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டியது. தம்பி சுக்கானை விட்டுவிட்டு டின்னால் இறைத்தான். நானும் கையால் இறைத்தேன். என் கணுக்கால் முழுகியது, பிறகு முழங்கால்வரை வந்தது. வயிற்றுக்குள் பிள்ளை உருண்டு புரண்டது. அது பயந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

நைனா கயிற்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

எங்களவர்களின் வழக்கம் ஒன்று உண்டு. தண்ணீரில் ஆபத்து வந்தால் நீந்தத் தெம்பில்லாதவர்களை மரத்தோடு கட்டிவிடுவார்கள். படவு போனாலும் மரம் மிதக்கும், மரத்தோடு ஆளும் மிதந்து எங்காவது கரை சேரும். நைனாவின் தம்பியே சின்ன வயதில் ஒரு புயலில் அப்படிக் கட்டுமரத்தோடு கட்டப்பட்டு, நினைவில்லாமல் கரை ஒதுங்கிப் பிழைத்தவர். நைனாவுக்கு அது கோவிலில் கைகூப்புவதுபோல. யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை.

"கட்ட மேல சாஞ்சிக்கோம்மா" என்றார்.

என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது. "வேணா நைனா. இது முழுவிடும்."

"மரம் எங்கனா முழுவுமா? கம்முனு சாஞ்சிக்கோ."

"இந்த மரம் முழுவும். தொட்டியில போட்டுப் பாத்தேன் நைனா. அவுரு சொன்னது தமாஸ் இல்ல."

அவர் காதிலேயே வாங்கவில்லை. பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்தார். மார்புக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே, பிள்ளைக்கு நோகாமல் கயிற்றைச் சுற்றினார். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சுற்றியதுதான் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அக்குளில் கொடுத்து, கட்டைக்கு அடியில் விட்டு வாங்கி, முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டார். நான் அவர் கையைக் கடித்தேன். அவர் விடவில்லை. வளையல்கள் நொறுங்கி என் கையிலேயே குத்தின.

"டேய், நீயாவது சொல்டா" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினேன்.

அவன் டின்னும் கையுமாக நைனாவின் முகத்தைப் பார்த்தான். "மரம்தானேக்கா" என்றான். அவனை அங்கேயே அறைந்திருப்பேன், கை எட்டவில்லை.

படவு இன்னொருமுறை சாய்ந்தது. இன்னும் இரண்டு அலை உள்ளே வந்தால் போதும், படவு கவிழும், கட்டை அடிக்குப் போகும், நான் அதோடு போவேன், எனக்குள் இருப்பதும் போகும். நைனா தண்ணீருக்கு மேலே எங்களைத் தேடிக்கொண்டிருப்பார். மரம் எங்கே மிதக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நினைப்பு வந்ததும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய ஆள், ஏரியின் ஒவ்வொரு அடியும் தெரிந்தவர், பெற்ற மகள் சொல்வதை ஒரு நிமிஷம் நின்று கேட்க மாட்டாரா என்று கோபம்.

கையைத் துழாவினேன். கட்டைக்கு அண்டை கொடுத்த ஆப்பு ஒன்று அகப்பட்டது. பிடுங்கி, "இதே மரம்தான், பாரு நைனா" என்று ஏரியில் எறிந்தேன்.

அது விழுந்த இடத்தை அலை மூடிக்கொண்டது. நைனா நுரையைக் காட்டினார். "தோ போவுது பாரு, மெதந்துகினு."

ஒன்றும் போகவில்லை. வெறும் நுரை. அந்தக் காற்றில், அந்த அலையில், எது மிதக்கிறது எது முழுகுகிறது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அவர் பார்க்க நினைத்ததை அவர் பார்த்தார். எனக்கு எட்டியதில் இன்னொரு ஆப்புதான் மிச்சம்.

அதைப் பிடுங்கி எடுத்தபோது கட்டை லேசாக உருண்டு, கயிறு என் மூச்சை இறுக்கியது. எறியக் கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையோடு கீழே பார்த்தேன். படவுக்குள்ளேயே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதில் எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. பலகாரக் கூடை, தம்பியின் செருப்பு, எனக்குத் தலையில் வைத்துவிட்ட பூ, நைனாவின் சுருட்டு, ஒரு துடைப்பக்குச்சி. படவில் அதுவரை இருந்ததெல்லாம் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது.

நான் ஆப்பை எறியவில்லை. நைனாவின் இரண்டு காலுக்கும் நடுவே போட்டேன்.

அது அவர் பாதத்தின்மேல் போய் உட்கார்ந்தது.

நைனா குனிந்து பார்த்தார். தண்ணீருக்குள் கைவிட்டு அதை எடுத்தார். கையை விட்டார். மறுபடி அது கீழே போயிற்று. மறுபடி எடுத்தார். இந்த முறை மெதுவாக, தண்ணீரின்மேல் ஒரு விளக்கை வைப்பதுபோல வைத்து விட்டார். அப்போதும் போயிற்று. அவர் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தை வர்ணிக்க எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

"கத்தி" என்றார். தம்பிக்குக் கேட்கவில்லை. "கத்தி எடுறா."

முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நனைந்த கயிறு இறுகிப்போயிருந்தது. அவிழவே கூடாது என்று போட்ட முடிச்சு அது. அறுக்கும்போது கத்தி என் விலாவில் ஒரு கோடு போட்டது, இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. கயிறு விட்டதும் நான் தவழ்ந்து பின்பக்கம் போனேன்.

பிறகு கட்டையை வெளியேற்ற வேண்டும். யாரும் யாரிடமும் சொல்லவில்லை, மூன்று பேருக்கும் தெரிந்தது. மூங்கில் கழியை அடியில் கொடுத்து இருவரும் நெம்பி, ஒரு முனையை விளிம்பில் ஏற்றினார்கள். படவு அந்தப் பக்கமே சரிந்தது. நான் எதிர்விளிம்பில் என் முழுக்கனத்தையும் போட்டுத் தொங்கினேன். நைனா மறுமுனையைத் தோள்கொடுத்துத் தூக்கித் தள்ளினார். அவருடைய புதுப் படவின் ஏரா தண்ணீரில் வழுக்கியது. ஒருமுறைகூட மேலே வரவில்லை. படவு கையகலம் மேலே எழும்பியது. அடுத்த அலை எங்களுக்கு அடியில் போயிற்று.

காற்று தணிய ரொம்ப நேரமானது. இறைத்து இறைத்து, ஒதுங்கி ஒதுங்கி, ஒரு மணல் திட்டில் போய்த் தட்டினோம். இறங்கும்போது நைனா எனக்குக் கை கொடுக்கவில்லை. தம்பிதான் இறக்கிவிட்டான். வீட்டுக்குப் போகிறவரையிலும், போனபிறகும், நைனா என்னோடு பேசவில்லை. கட்டையைத் தொலைத்த வருத்தம் என்று அம்மா நினைத்தாள். நான்தான் நடந்ததைச் சொன்னேன். அம்மா என் விலாவில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

மார்கழியில் பெண் பிறந்தது. எங்களில் தாய்வழித் தாத்தாதான் குழந்தையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார். அம்மா கிண்ணத்தோடு போய்க் கூப்பிட்டாள். நைனா வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து தொட்டு வைத்தார்.

என் வீட்டுக்காரர் பிள்ளையைப் பார்க்க வந்தபோது விஷயம் தெரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் கெட்டியா சொல்லியிருக்கணும்" என்றார். நான் ஆமாம் என்றேன். புதுசாக ஒரு கட்டை அறுத்துத் தருகிறேன் என்று நைனாவிடம் சொன்னார். "வேணாம் மாப்ள" என்றுவிட்டார் நைனா.

குழந்தைக்கு மூன்று மாதமாகியும் நைனா அதைத் தொடவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பார். அது சிரித்தால் அவர் உதடும் அசையும். தூக்கிக்கொள் என்று யார் நீட்டினாலும், "கையில மீன் கவுச்சி" என்பார். குளித்துவிட்டு வந்த பிறகும் அதையேதான் சொல்வார். நான் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பும் நாள் வந்தது. படவு தயாராக இருந்தது, தம்பி கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நைனா மணலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்க் குழந்தையை அவர் மடியில் போட்டேன். அவர் இரண்டு கையையும் மணலில் ஊன்றிக்கொண்டார். குழந்தை மடியில் சரிந்தது.

"இந்தக் கையால ஒன்னும் பண்ண வெக்காதம்மா" என்றார். "அன்னிக்கி இந்தக் கையாலதான் ஒன்னக் கட்டுனேன்."

"புடி நைனா. உழுந்துடும்."

குழந்தை இன்னும் சரிந்தது. நான் குனியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பிடித்தார். பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. குழந்தை அழ ஆரம்பித்தது, தம்பி மறுபடி கூப்பிட்டான், காற்று மாறுவதற்குள் கிளம்ப வேண்டும் என்றான். நான் குழந்தையை வாங்கிக்கொள்ளவில்லை.